நேஷனல் பர்மிட் மண்

போன மாதம் ஒரு காலை. ஓடைக்கரையில் நின்றுகொண்டு, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாய்க்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பைக்கில் போன ஒருவர் பிரேக் போட்டு நின்றார்.

"ஏனுங்க மேடம், உள்ள ஏதாச்சும் உளுந்துருச்சுங்களா?"

"இல்லைங்க. உள்ளே ஏதாவது தெரியுதான்னு பார்க்கறேன்."

"தெரியுதுங்களா?"

"தெரியலை."

"தெரியாததை எதுக்குங்க பாத்துக்கிட்டு..." என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அன்றைக்கு நாங்கள் பார்க்க வந்ததே அதைத்தான் — தெரியவில்லை என்பதை!

இந்தக் குழாயைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இடுப்பு உயரம் இருக்கும். கண்ணாடி போலத் தெளிவான பிளாஸ்டிக், பக்கவாட்டில் அளவுக் கோடுகள். அடியில் ஒரு வட்டத் தட்டு, அதில் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வர்ணம் அடித்திருக்கும். ஓடைத் தண்ணீரைக் குழாய் நிறைய ஊற்றி மேலிருந்து பார்க்க வேண்டும். தட்டு தெரிந்தால் தண்ணீர் தெளிவு. தெரியாவிட்டால், அடியில் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை வெளியே விட வேண்டும். எந்த இடத்தில் தட்டு கண்ணில் படுகிறதோ, அப்போது குழாயில் எவ்வளவு உயரம் தண்ணீர் நிற்கிறது என்பதுதான் கணக்கு. அவ்வளவே. கரன்ட் வேண்டாம், சார்ஜ் வேண்டாம், பாஸ்வேர்ட் வேண்டாம்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நாங்கள் வாக்கிங் போகிற பூங்காவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சில இளைஞர்கள் வந்தார்கள். ஏரி, ஓடை என்று அலைகிற பிள்ளைகள். எல்லோருக்கும் கற்றுக்கொடுத்துவிட்டு இரண்டு குழாய்களைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒன்று யாரோ வீட்டில் துணி உலர்த்தும் கொம்பாகிவிட்டதாகக் கேள்வி. இன்னொன்று என்னிடமும் ஜமீலாவிடமும் மாட்டிக்கொண்டது.

ஜமீலா யார்? பல வருடங்களாக என்னோடு நடக்கிறவள். நடப்பதைவிடப் பேசுவதில் வேகம் அதிகம். இளம்பிள்ளைத் தறிக்காரர்களிடம் சேலை எடுத்து, போனிலேயே படம் அனுப்பி, போனிலேயே விற்கிற வியாபாரி. அவள் அனுப்பும் சேலைப் படங்களுக்கு "அழகு" என்று மட்டும் பதில் போட்டுத் தப்பித்த ஒரே ஆள் எங்கள் வாக்கிங் குரூப்பில் நான்தான். அந்தப் பெருமை ஒரு தீபாவளிக்கு முடிந்தது.

அவளுடைய வீடு எங்கள் தெருவிலிருந்து இறக்கத்தில், ஓடைப் பாலத்தை ஒட்டி இருக்கிறது. கீழ்த்தளம் முழுக்கச் சேலைக் கட்டு. மாடியில் குடித்தனம். பாலத்துக்கு அடியில் தண்ணீர் போக மூன்று கண். அதில் ஒரு கண் மண்ணால் முழுசாக அடைத்துப் போயிருந்தது, இரண்டாவதில் பாதி. மழை பெய்தால் ஓடைக்குப் போக வழியில்லை. பிறகு எங்கே போகும்? ஜமீலா வீட்டுக்குத்தான்!

போன வருட மழையில் கீழ்த்தளத்தில் முழங்கால் வரைக்கும் சேற்றுத் தண்ணீர். வடிந்த பிறகு நானும் போய்ச் சேலைகளை அலசிக் காயப்போட்டேன். பட்டுச்சேலை மடிப்புக்குள்ளே வண்டல் மண் படிந்திருந்ததைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? அன்றைக்கு ஒரு நாள்தான் ஜமீலா பேசாமல் இருந்து நான் பார்த்திருக்கிறேன்.

மாநகராட்சியிலிருந்து வந்து மண்ணை அள்ளாமல் இல்லை. அள்ளுகிறார்கள். அடுத்த வருடம் அதே இடத்தில் அதே மண். எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

"இந்த மழைக்கும் தண்ணி உள்ள வந்துச்சுன்னா ஊட்ட வித்துட்டு எருமப்பட்டிக்கே போயிரலாம்ங்கறாருக்கா எங்க ஊட்டுக்காரரு" என்றாள். எருமப்பட்டியில் அவருடைய அண்ணன் கடை வைத்திருக்கிறார். "சும்மா சொல்றார்னு நெனைச்சேன். 'வீடு விற்பனைக்கு'ன்னு ப்ளெக்ஸே அடிச்சுக் கொண்டாந்து ஊட்டுல ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி வெச்சுட்டாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜமீலா இல்லாத வாக்கிங்கா? அது வெறும் நடை. இந்த வயதில் இன்னொரு சிநேகிதியை எங்கே போய்த் தேடுவது? அன்றிலிருந்துதான் அந்தக் குழாயை ஒழுங்காகத் தூக்க ஆரம்பித்தேன்.

ஆக, அந்தக் காலை. குழாய்க்குள் ஒன்றுமே தெரியவில்லை. தண்ணீர் செக்கச் செவேல் என்று இருந்தது. திருகைத் திறந்து விட்டுக்கொண்டே வந்தேன்... ஒரு சாண் உயரம் மிச்சமிருக்கும்போதுதான் தட்டு மங்கலாகத் தெரிந்தது.

ஜமீலா ஒரு தடவை பார்த்தாள். தீர்ப்புச் சொன்னாள்.

"இது அரக்குக்கா."

"என்னது?"

"அரக்குக் கலரு. இந்தச் சீசனுக்கு இளம்பிள்ளைல அரக்குதான் ஓடுது. மேல எவனோ சாயப்பட்டறைக்காரன் தொட்டியத் தொறந்து உட்டுட்டான். கலர் பாத்து சொல்றதுக்கு நான் என்ன சின்னப் புள்ளயா?"

சேலத்துக்காரர்களுக்கு இது ஒரு பழக்கம். ஓடையின் நிறத்தைப் பார்த்தே எந்தத் தொழில் என்று சொல்லிவிடுவோம். சிவப்பு, நீலம், பச்சை என்றால் சாயப்பட்டறை. வெள்ளை என்றால் சேகோ ஃபேக்டரி, அதாவது ஜவ்வரிசி ஆலை. இதில் யாருக்கும் சந்தேகமே வராது.

வாக்கிங் குரூப்பின் வாட்ஸ்ஆப்பில் படம் போட்டோம். குரூப் கொதித்தது. அதிகம் கொதித்தவர் செல்வராஜ் அண்ணன். அவர்தான் எங்கள் குரூப்புக்குத் தலைவர் மாதிரி. பூர்வீகம் திருச்செங்கோட்டுப் பக்கம். போர்வெல் ரிக் லாரிகள் வைத்திருக்கிறார், இந்தியா முழுக்கப் போய்ப் பூமியைத் துளைத்துவிட்டு வரும் வண்டிகள். நல்ல மனிதர். என் கணவருக்கு ஒரு முறை நெஞ்சு வலி வந்தபோது, ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல் தன் காரிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு போனவர்.

"உடக் கூடாதுங்க! சாயத்தண்ணிய உடறவன உடவே கூடாதுங்க! மனு எழுதுங்க மேடம், மொதக் கையெழுத்து என்னுதுங்க" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டார். எழுதத் தெரிந்தவள் என்ற ஒரே குற்றத்துக்காக எல்லா மனுவும் என் தலையில்தான் விழும்.

மனுவைப் பாதி எழுதியிருப்பேன். நாலைந்து நாள் கழித்து ஓடைக்குப் போனால், தண்ணீர் வெள்ளை! மாவு கரைத்த மாதிரி.

"சேகோ" என்றது குரூப், ஒரே குரலில். படத்தைப் பார்த்ததுமே புளித்த நாற்றம் அடிப்பதாக ஒருவர் எழுதினார். போனிலேயே! நேரில் நின்ற எனக்கும் லேசாக அடித்தது போலத்தான் இருந்தது. மனுவில் சாயப்பட்டறையோடு சேகோவையும் சேர்த்தேன்.

அடுத்த வாரம் போனோம். தண்ணீர் கறுப்பு.

இப்போது யாரைத் திட்டுவது? குரூப் திணறிவிட்டது. கறுப்புத் தண்ணீர் விடுகிற தொழில் எங்கள் பக்கம் என்ன இருக்கிறது? டயர் எரிக்கிறார்கள் என்றார் ஒருவர். யாரோ பேனா மைக் கம்பெனி என்றார். பேனாவே ஒழிந்துபோன காலத்தில் மைக் கம்பெனிக்கு எங்கே போவேன்?

எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான் வந்தது. மூன்று நாளும் எடுத்த தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்திருந்தேன். என் மாடித் தோட்டம் உங்களுக்குத் தெரியுமே... அதில் காய்க்கிற கத்தரிக்காயைப் பற்றி இந்தப் பக்கத்தில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன், நீங்களும் பொறுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தத் தொட்டிகளுக்கு நடுவேதான் பாட்டில்களும். "இதுல எது செடிக்கு ஊத்தறது, எது எனக்குக் குடுக்கறது?" என்று என் கணவர் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜமீலாவைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனேன். பார்த்தால், மூன்று பாட்டிலிலும் மேலே தண்ணீர் தெளிந்து நிற்கிறது. அடியில் மட்டும் ஒன்றில் சிவப்பு, ஒன்றில் வெள்ளை, ஒன்றில் கறுப்பு.

ஜமீலா வெள்ளைப் பாட்டிலைத் திறந்து முகர்ந்தாள். "சேகோ தண்ணின்னா இத்தனை நாளைக்கு ஊரே நாறும்க்கா. வாசமே இல்லியே."

அடியில் இருந்ததை விரலில் எடுத்துத் தேய்த்தாள். நானும் தேய்த்தேன். நறநறவென்றது. கோலமாவு! சந்தேகமே இல்லாமல் கல் மாவு.

அதோடு விடவில்லை அவள். பையிலிருந்து சேலைக்கு ஃபால்ஸ் வைத்துத் தைக்கிற வெள்ளைத் துணியில் ஒரு துண்டை எடுத்தாள். அவள் பையில் அது எப்போதும் இருக்கும். சிவப்புப் பாட்டிலைக் குலுக்கி அதில் முக்கி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மாடித் தண்ணீர்க் குழாயைத் திறந்து அலசினாள். துணி பளிச்சென்று வெளுத்து வந்தது.

"சாயம்னா புடிச்சிருக்கணும்" என்றாள். முகம் வாடிவிட்டது. "அரக்குன்னு அடிச்சுச் சொன்னேனேக்கா... மண்ணப் போய் அரக்குன்னு சொல்லியிருக்கேன்!"

சேலை வியாபாரி மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. கண்ணில் படும் சிவப்பையெல்லாம் சேலை நிறமாகப் பார்த்தே பழகியவள். நான் சிரித்தேன். அவளும் கடைசியில் சிரித்துவிட்டாள். பாதி எழுதிய மனுவை அப்படியே மூடி வைத்தேன். நல்லவேளை, கையெழுத்துக்குப் போகவில்லை. பாவம், அந்தச் சாயப்பட்டறைக்காரர்!

ஆனால் ஒன்று தெளிவாகிவிட்டது. பாலத்துக் கண்ணை அடைப்பது சாயமும் இல்லை, மாவும் இல்லை. மண். அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தால் போதும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஓடையோடு மேலே நடக்க வேண்டியதுதான். எங்களுக்கு நடப்பதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா?

மறுநாளே கிளம்பினோம். இரண்டு பெண்கள், தோளில் ஒரு குழாய், கையில் கயிறு கட்டிய வாளி. "பாம்பு புடிக்கறீங்களா?" என்று கேட்டார்கள். "கேபிள் கனெக்‌ஷனா?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு சின்னப் பாலத்திலும் நின்று வாளியை இறக்கித் தண்ணீர் மொண்டு, குழாயில் ஊற்றி, மேலே இருந்து பார்த்தோம். பைபாஸ் ரோடு வரை எல்லா இடத்திலும் அதே ஒரு சாண்தான். எங்கள் நம்பிக்கை மட்டும் குறையவில்லை. இரண்டு பேருக்கும் முட்டி வலி இருந்தது, அதுவும் குறையவில்லை.

பைபாஸ் ரோட்டைத் தாண்டினோம். அங்கே ஒரு பாலம். வாளியை இறக்கினோம், குழாயில் ஊற்றினோம். ஜமீலா எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

"அக்கா, தட்டு தெரியுது! குழா நெறையத் தண்ணி, அப்புடியும் தெரியுது!"

நானும் பார்த்தேன். கறுப்பும் வெள்ளையுமாகத் தட்டு பளபளவென்று கிடந்தது. சேர்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிற தண்ணீர், இங்கே வரைக்கும் நல்ல தண்ணீராகத்தான் வருகிறது. அதைப் பார்த்தபோது உண்மையாகவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நம் ஓடை கெட்டுப்போகவில்லை, நடுவில் யாரோ கெடுக்கிறார்கள்.

அப்படியானால் விஷயம் இந்தப் பாலத்துக்கும் பைபாஸுக்கும் நடுவில். திரும்பி நடந்து கரையைப் பார்த்துக்கொண்டே வந்தோம். முள்செடிக்குள் ஒரு சிமென்ட் குழாய். அதிலிருந்து செம்மண் குழம்பு குபுகுபுவென்று ஓடைக்குள் விழுந்துகொண்டிருந்தது.

குழாய் வந்த வழியே ஏறிப் போனோம். ஒரு காம்பவுண்டு சுவர். பெரிய இரும்பு கேட். கேட்டின் மேல் போர்டு.

செல்வராஜ் அண்ணனின் லாரி யார்டு.

என் கால் நின்றுவிட்டது. "ஜமீலா, வா போயிடலாம். போன்ல பக்குவமாச் சொல்லிக்கலாம்" என்றேன். நெஞ்சு வலி வந்த இரவு கண்முன் வந்தது. உதவி செய்தவர் வாசலில் போய்க் குழாயை நீட்டுவதா?

"நீங்க இங்கயே நில்லுங்கக்கா. நான் போறேன்" என்றாள் ஜமீலா. "தண்ணி வர்றது என் ஊட்டுக்குள்ள."

அப்புறம் நான் எப்படி நிற்பது?

உள்ளே வரிசையாக ரிக் வண்டிகள். செல்வராஜ் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே ஹோஸைப் பிடித்து ஒரு வண்டியின் அடியில் பீச்சிக்கொண்டிருந்தார். சக்கரத்திலிருந்து சிவப்பாக மண் கட்டி கட்டியாக உதிர்ந்தது. எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்கம்மிணி, வாங்க வாங்க! வாக்கிங்கு இவ்வளவு தூரம் வந்துட்டீங்களா? டேய், டீ சொல்லு!"

"என்னங்கண்ணா, வண்டியெல்லாம் ஊருக்கு வந்துடுச்சா?" என்று பேச்சை ஆரம்பித்தேன், கோழை மாதிரி.

"ஆயுத பூசை வருதுல்லங்க. ஒண்ணொண்ணா வந்துட்டிருக்குது. வந்த வண்டிய ஒரு பொட்டு மண்ணில்லாமக் கழுவிப்புட்டுத்தானுங்க பூசைக்கு நிறுத்தோணும். வெளியூரு மண்ணோட நிறுத்தினா தொழில் வெளங்காதுன்னு எங்கப்பாரு சொல்லுவாருங்க. இங்க போர்ல தண்ணி நல்லா இருக்குதுன்னு சிநேகிதக்காரங்க லாரியெல்லாம்கூடக் கழுவ வருதுங்க." வண்டியைத் தட்டிக் காட்டினார், பெருமையாக. "இது ஆந்திரா போயிட்டு வந்த ரெண்டாவது வண்டி. பாருங்க செம்மண்ண! போன வாரம் வந்தது மகாராஷ்டிரா வண்டி, முச்சூடும் கரிசலு. அதுக்கு முன்னால ராஜஸ்தான் வண்டி. அது வெள்ளக் கல்லு, மாவாட்ட ஒட்டிக்கிட்டுக் கெடந்துச்சுங்க."

ஜமீலாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அரக்கு, மைக் கம்பெனி, சேகோ. எல்லோரும் வரிசையாக நேஷனல் பர்மிட்டில் வந்து எங்கள் ஓடையில் இறங்கியிருக்கிறார்கள்!

விஷயத்தைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால்கூடத் தேவலை. நான் ஏதோ ஜோக் சொன்ன மாதிரி சிரித்தார்.

"ஏனுங்க மேடம், மண்ணு எப்படிங்க அழுக்காவும்? சாயம் அழுக்கு, சாக்கடை அழுக்கு. மண்ணு பூமித்தாயிங்க. பத்து விரலையும் மண்ணுல வெச்சுச் சம்பாதிச்சவன் நானு. அது தண்ணில போனா என்னுங்க? ஓடைன்னா மண்ணு போகத்தானுங்க செய்யும்."

நான் ஒரு சிறிய சொற்பொழிவு ஆற்றினேன். வண்டல், மீன், பாசி என்றெல்லாம். அவர் மரியாதையாகத் தலையாட்டினார். ஒரு வார்த்தைகூட உள்ளே போகவில்லை என்று எனக்கே தெரிந்தது.

ஜமீலா அவர் கழுவிய தண்ணீரை வாளியில் பிடித்துக் குழாயில் ஊற்றி அவர் முன்னால் நிறுத்தினாள்.

"பாருங்கண்ணா."

அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். "ஒண்ணுந் தெரியலீங்களே."

திருகைத் திறந்தாள். தண்ணீர் இறங்கிக்கொண்டே வந்தது. "இப்ப?"

"இல்லீங்க."

"இப்ப?"

"ம்ஹூம்."

கடைசியில் குழாயே காலியானது. அடியில் இருந்த தட்டில் மண் அப்பிக்கொண்டிருந்தது.

"இதேதாண்ணா பாலத்துக் கண்ண அடைக்குது. போன வருஷம் என் சேலைக் கட்டுக்குள்ள வந்து உக்காந்ததும் இதேதான். இந்த வருஷமும் வந்துச்சுன்னா நாங்க ஊட்ட வித்துட்டுப் போறம்னு முடிவு பண்ணியாச்சு. ப்ளெக்ஸு அடிச்சு வெச்சிருக்குது. வேணும்னா வந்து பாருங்க."

செல்வராஜ் அண்ணன் ஹோஸை மூடினார். டீ வந்தது. யாரும் எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியாதுங்கம்மிணி" என்றார். "சத்தியமாத் தெரியாதுங்க. ஆனா, கழுவாம நிறுத்த முடியாதுங்களே... எங்கப்பாரு காலத்துல இருந்து ஒரு வருசங்கூடத் தப்புனதில்லீங்க."

அவருடைய அப்பாவோடு நான் எப்படிச் சண்டை போடுவது?

ஜமீலாவிடம் பதில் இருந்தது. "கழுவ வேண்டாம்னு யாருண்ணா சொன்னா? நல்லாக் கழுவுங்க. தண்ணியும் ஓடைக்கே போகட்டும். ஆனா சுமையோட அப்புடியே போகுதே, அதான் தப்பு. நீங்க லாரிக்காரரு... உங்க வண்டி லோடு எறக்காம குடோன உட்டுக் கெளம்புமா? இந்தத் தண்ணியும் லோட இங்க எறக்கிட்டுப் போகட்டும்."

அண்ணன் அவளையே பார்த்தார். பிறகு அந்தக் குழாயைப் பார்த்தார். பிறகு டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"எறக்கிப்புடலாம்ங்க" என்றார்.

மறுநாளே யார்டின் ஓரத்தில் குழி வெட்டினார். ஒரே குழி. அவசரத்தில் வெட்டியது. கழுவிய தண்ணீர் ஒரு பக்கம் விழுந்து, அப்படியே மறுபக்கம் வழிந்து ஓடியது. குழாயில் பார்த்தோம்... மறுபடியும் அதே ஒரு சாண்! மண் இறங்குவதற்கு நேரமே இல்லை. அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆயிரம் அடி துளைத்துத் தண்ணீர் எடுக்கிறவர் ஒரு பள்ளத்திடம் தோற்பதா? "ஆழமாத் தோண்டித்தானுங்க நமக்குப் பழக்கம். அகலமாத் தோண்டறது இப்பத்தான்" என்றவர், பக்கத்தில் பக்கத்தில் மூன்று குழி வெட்டினார். முதல் குழி நிறைந்து இரண்டாவதுக்கு, இரண்டாவது நிறைந்து மூன்றாவதுக்கு. கடைசியில் ஜல்லி கொட்டி ஒரு தடுப்பு. தண்ணீர் அவசரமில்லாமல், நின்று நிதானமாகப் போனது.

முதல் நாள் குழாயில் முழங்கால் உயரத் தண்ணீர் இருக்கும்போதே தட்டு தெரிந்தது. அதற்கப்புறம் இன்னும் மேலே. எங்களைவிட அவர்தான் அதிகம் எட்டிப் பார்த்தார். தினமும் வாட்ஸ்ஆப்பில் படம் வேறு. முதல் குழியின் அடியில் செம்மண், கரிசல், வெள்ளை என்று வரி வரியாகப் படிந்திருந்த மண்ணை ஒரு நாள் ஆள் வைத்து அள்ளிக் காட்டினார். பார்டர் வைத்த சேலை மாதிரி இருக்கிறது என்று ஜமீலா சொன்னாள். அவளை மாற்ற முடியாது.

மாநகராட்சிக்குச் சொன்னோம், பாலத்துக் கண்களிலும் மண் அள்ளினார்கள். அள்ளிய மண்ணைக் கொண்டுபோக அண்ணன் தன் டிப்பரை அனுப்பினார்.

ஆயுத பூஜைக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தார். ரிக் வண்டிகளுக்கு வாழைக்கன்று, மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். எல்லாம் பளபளவென்று நின்றன, ஒரு பொட்டு வெளியூர் மண் இல்லாமல். பொரி, சுண்டல் கொடுத்தார்கள். பிறகு அண்ணன் என்னிடம் கை நீட்டினார். "அந்தக் குழாயக் குடுங்க மேடம்."

வாங்கி, ஸ்பேனர்களுக்கும் ஜாக்கிகளுக்கும் பக்கத்தில் நிறுத்தி, அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்தார்.

"பொட்டக் கொஞ்சம் மேல தள்ளி வைங்கண்ணா, அளவு மறைக்குது பாருங்க" என்றாள் ஜமீலா.

இப்போது ஒன்று யோசிக்கிறேன். செல்வராஜ் அண்ணன் கெட்டவரா? இல்லவே இல்லை. சாயத்தண்ணீரைப் பார்த்தால் அவருக்குத்தான் முதலில் ரத்தம் கொதித்தது. ஆனால் தன் யார்டிலிருந்து போன மண் தினமும் அவர் கண்முன்னால்தான் ஓடியது. அது அவருக்கு அழுக்காகத் தெரியவில்லை, வேலையாகத் தெரிந்தது. நம் எல்லோருக்குமே அப்படித்தான் இல்லையா? அடுத்தவன் தொழிலில் வருவது கழிவு. நம் தொழிலில் வருவது... கொஞ்சம் தண்ணி போகும், அவ்வளவுதானே!

பூஜை முடிந்து சில நாள் கழித்து மழை பிடித்துக்கொண்டது. சாயந்திரம் ஆரம்பித்தது, விடாமல் கொட்டியது. ஜமீலாவுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. அந்த ப்ளெக்ஸ் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

விடிந்ததும் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். பாலத்தின் மூன்று கண்ணிலும் ஓடை சீறிக்கொண்டு போனது. ஜமீலா கூரை போட்ட வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் வந்து நின்றுவிட்டுத் திரும்பிய ஈரக்கோடு இரண்டாவது படியில் தெரிந்தது. அதற்கு மேலே படியெல்லாம் காய்ந்து கிடந்தது.

"போன எடுக்க மாட்டியா?" என்று கத்தினேன்.

"விடிய விடிய இந்தப் படியையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்க்கா. போனு எங்க இருக்குன்னே தெரியல." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உள்ள வரலக்கா. ஒரு சொட்டு வரல."

அவளுடைய கணவர் உள்ளேயிருந்து ப்ளெக்ஸை எடுத்து வந்தார். எழுத்து உள்பக்கம் போகிற மாதிரி மடித்து, சேலைக் கட்டுகளுக்கு அடியில் விரித்துப் போட்டார். என்னைப் பார்த்து, "டீ குடிச்சுட்டுப் போங்கக்கா" என்றார். அவ்வளவுதான் பேசினார். எனக்கு அது போதுமாக இருந்தது.

இதோடு பத்தியை முடித்திருக்கலாம். முடிக்க விட்டால்தானே!

நேற்றுக் காலை மழை தூறிக்கொண்டிருக்கும்போது வாசலில் சத்தம். கதவைத் திறந்தால் செல்வராஜ் அண்ணனும் ஜமீலாவும். அண்ணன் தோளில் அந்தக் குழாய், சந்தனப் பொட்டோடு. இருவரும் என்னை வீட்டுப் பக்கச் சந்துக்குக் கூட்டிப்போய், மொட்டை மாடியிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீரை அதில் நிறையப் பிடித்தார்கள்.

"ஏனுங்க மேடம், உங்கூட்டுக் கத்தரிக்காத் தோட்டத்துல எத்தன மூட்டை செம்மண்ணுங்க போட்டீங்க?" என்றார், ரொம்பப் பணிவாக.

"நல்ல மண்ணுங்க அது. உரம் கலந்தது" என்றேன்.

"கொஞ்சம் பாருங்க."

ஒரு கண்ணை மூடிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். தட்டைக் காணோம். என் கணவர் ஜன்னல் வழியாகச் சிரிப்பது காதில் விழுந்தது.

"அக்கா, இந்த மண்ணும் நேரா எங்க ஊட்டுக்குத்தான் வருது" என்றாள் ஜமீலா.

குழி வெட்ட ஆரம்பித்துவிட்டேன். இந்த வாரம் பத்தி கொஞ்சம் தாமதமானால் ஆசிரியர் மன்னிக்கட்டும்... கையெல்லாம் மண்!